ஒன்பதாம் பக்கம்

கிரிம்ஸ்பியில் அன்று மழை இல்லை, காற்றுதான்.
கீலியின் சமையலறை மேசைமேல்
கவுன்சில் அனுப்பிய வரைவு, பதினான்கு பக்கம்.
முதல் பக்கத்தில் அதற்குள் ஒரு தேநீர் வட்டம்.
"படிக்க உட்காரும்போதெல்லாம்
எழுந்து பாத்திரம் கழுவப் போய்விடுகிறேன்.
கழுவ ஒன்றும் மிச்சமில்லை இப்போது" என்றாள்.

பதில் எழுதப் பதினைந்து நாள்.
அதில் ஆறு போய்விட்டது.

பதினோரு வருடமாக எனக்கு இதே வேலை:
அடுத்தவர் பிள்ளையைப் பற்றிய காகிதத்தை
அந்த அடுத்தவருக்கே வாசித்துக் காட்டுவது.
சம்பளம் கிடையாது. பெட்ரோல் காசும் பிஸ்கட்டும்.

நான்காம் பக்கத்தில் ட்ரெவர் கையைத் தூக்கி நிறுத்தினான்.
மீன் தொழிற்சாலையிலிருந்து நேரே வந்தவன்;
பூட்ஸைக் கழற்றிவிட்டான், வாசனை கழறவில்லை.
"இரண்டாவது சதமானம் என்றால்?
என் மகன் நூற்றுக்கு இரண்டா?"

மார்க் இல்லை அது, என்றேன்.
இவன் வயதுப் பிள்ளைகள் நூறு பேரை
வரிசையில் நிறுத்துங்கள்.
காதில் விழுந்ததை மனத்தில் பிடித்துவைக்கிற
அந்த ஒரு வரிசையில் மட்டும்
எல்லிஸ் கடைசிப் பக்கமாக நிற்கிறான்.
வேறு வரிசைகளும் உண்டு.
படம் பார்த்துக் கட்டை அடுக்கும் வரிசையில்
நட்டநடுவில் நிற்கிறான், பாருங்கள், ஐந்தாம் பக்கம்.

அவன் ஐந்தாம் பக்கத்தைப் பார்க்கவில்லை.
"முன்னால் தொண்ணூற்றேழு பேர்" என்றான்
ஜன்னலைப் பார்த்து.
கணக்கு ஏறக்குறைய சரி.
நான் பிஸ்கட் எடுத்துக்கொண்டேன்.

'பெற்றோர் சொல்வது' என்ற இடத்தில்
கீலி எழுதியது அப்படியே அச்சாகியிருந்தது:
சிரித்த முகம். நாய்கள் என்றால் உயிர்.
வீட்டில் ஒரு தொந்தரவும் இல்லை.

ஒரு தொந்தரவும் இல்லாத பிள்ளைக்கு
கவுன்சில் ஒரு பென்சில்கூடத் தராது, கீலி.
சட்டைக் கழுத்திலிருந்த லேபிளுக்காக
நாற்பது நிமிடம் அழுதானே, அதை எழுதுங்கள்.
பூட்டிய குளியலறைக்கு வெளியே
தரையில் உட்கார்ந்து நீங்கள் சாப்பிட்ட
இரவுச் சாப்பாட்டை எழுதுங்கள்.

"அவன்மேல் நானே கோள் சொல்வதா?"

ஆமாம் என்று சொல்வதா, இல்லை என்று சொல்வதா,
பதினோரு வருடத்தில் எனக்குத் தெரியவில்லை.
"இந்தக் காகிதம் உங்கள் வீட்டில் தூங்கியதில்லை"
என்று மட்டும் சொன்னேன்.

அப்போதுதான் எல்லிஸ் வந்தான்.
ஏழு வயது, காதில் பச்சை மூடி.
யாரையும் கேட்காமல் தாள்களை வாரிக்கொண்டு
குளிர்ப்பெட்டியிலிருந்து பின்கதவு வரை
தரை ஓட்டுக்கு ஒன்றாகப் பரப்பினான்.
"எதைக் கண்டாலும் இப்படித்தான்" என்றாள் கீலி,
என்னிடம் மன்னிப்புக் கேட்கிற குரலில்.

எட்டுக்கும் பத்துக்கும் நடுவே
ஓர் ஓடு வெறுமனே இருந்தது.
ட்ரெவர் கால்விரலால் பத்தை நகர்த்தி
இடைவெளியை மூடப் பார்த்தான்.
எல்லிஸ் அலறினான்.
பத்தைப் பழைய இடத்துக்கே இழுத்தான்.

முழங்கால் போட்டுப் பார்த்தேன்.
எட்டாம் பக்கத்தின் கடைசி வரி:
எல்லிஸுக்கு வாரத்தில்
பத்தாம் பக்கத்தின் முதல் வரி:
என ஆண்டு முடிவில் மறுபடி பரிசீலிக்கப்படும்.

எத்தனை மணி நேரம், யார் உடன் இருப்பது,
பேச்சுப் பயிற்சி உண்டா,
எல்லாம் ஒன்பதில்.
ஒன்பது இல்லவே இல்லை.
காரில் உட்கார்ந்து இரண்டு முறை படித்தவள் நான்.

இதனால் அந்த இரண்டு மூன்றாகிவிடாது.
அதையும் சொன்னேன். யாரும் கேட்கவில்லை.
கீலி கவுன்சிலுக்குப் போன் போட்டு
ஸ்பீக்கரில் வைத்தாள்; பியானோ வாசித்தார்கள்,
நாங்கள் வரிசையில் பதினேழாவது என்றார்கள்.
காத்திருந்த நேரத்தில்
மின்சார பில்லின் பின்பக்கத்தில்
எழுத ஆரம்பித்தாள்: செவ்வாய் இரவு, லேபிள்.

தேநீருக்குப் பால் எடுக்கப் போன ட்ரெவர்
அந்த ஓட்டை மிதிக்காமல்
சுற்றிக்கொண்டு போனான்.