பாயிண்ட் பார்ப்பவள்

லாரி வந்து நின்றதும் மூன்று கிலோ கிழங்கு எடுப்பேன்.
மேலே தெரிவதைத் தொடமாட்டேன்,
அது அவர்களே பார்த்து அடுக்கியது.
மண்ணை உதறி, கம்பிக்கூடையில் போட்டு
தொட்டித் தண்ணீரில் இறக்கினால்
முள் ஆடி ஆடி நிற்கிற இடம்தான் பாயிண்ட்.
இருபத்தாறு என்றால் இருபத்தாறுக்குத்தான் விலை.
"இருபத்தெட்டு இருக்கும்மா" என்று
தலைவாசல்காரர் குலதெய்வத்தை இழுத்தாலும்
தண்ணீருக்குக் காது கிடையாது.

சேலத்திலிருந்து ஆத்தூர் போகும் சாலையில்
இந்தச் சேகோ ஆலையில்தான் மாதேசு கேட்டான்.
பாய்லர் பக்கம் வேலை.
"ஒரு காயின் வந்திருக்குதுக்கா.
நாலு மாசத்துல மூணு மடங்கு.
ஏற்காட்டுல கூட்டம். இருபது வளைவும்
அவங்க பஸ்ஸுலயே கூட்டிட்டுப் போனாங்க.
பிரியாணி. எல்லாருக்கும் டீ-சர்ட்."
அந்த டீ-சர்ட்டைத்தான் போட்டிருந்தான்.
தங்கச்சி வளைகாப்புச் செலவு போக
அவன் கையில் மிச்சம் ஒன்றரை லட்சம்.

அன்றிரவு போனோடு உட்கார்ந்தேன்.
பதினொரு பேர் புகழ்ந்திருந்தார்கள்.
பதினொன்றும் ஒரே வயல் கிழங்கு:
"முதலீடு" என்று எழுதுமிடத்தில்
எல்லோருக்கும் "முதலிடு".
கடைசி வரியில் ஆளுக்கொரு எண்,
அதன் வழியாகச் சேர்ந்தால் சொன்னவருக்குப் பங்கு.
தராசைப் பிடித்திருப்பவரே கிழங்கு வியாபாரி.

நிறுவனர் என்று ஒரு படம். கோட்டு, டை.
அதே முகம் வேறொரு நாட்டில்
பல் டாக்டராகச் சிரித்துக்கொண்டிருந்தது.

"கவர்மெண்டே முப்பது பர்சென்ட் வரி வாங்குதுங்களே,
பொய்யா இருந்தா வாங்குவாங்களா?"
வாங்குவார்கள், மாதேசு.
சுங்கச்சாவடியில் காசு வாங்குகிறவர்
உன் லாரிக்கு பிரேக் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை.

திட்டுகிறவர்களையும் தேடினேன்.
எல்லா காயினும் சூதுதான் என்று ஒருவர் கத்தினார்.
அவர் காட்டிய ஆதாரம் ஆறு வருடப் பழசு,
வேறு காயின், வேறு ஆள்.
முள் பெரிதாக ஏறவில்லை.
எனக்குப் பிடித்த பதில் என்பதால்
ஒரு பாயிண்ட் கூட்டி எழுதக் கை போனது.
இழுத்துக்கொண்டேன்.

ராசிபுரத்துப் பெண் ஒருத்தி.
ஐந்நூறு போட்டாள், ஐந்நூற்றி எழுபதாக எடுத்தாள்.
நாற்பதாயிரம் போட்டாள்.
எடுக்க வேண்டுமானால் இன்னும் எட்டாயிரம் கட்டு என்றார்களாம்.
தேதி, ரசீது, பேசியவர் நம்பர்,
தன் முட்டாள்தனம் உட்பட எல்லாம் எழுதியிருந்தாள்.
இதில் அவளுக்கு ஒரு பைசா வருமானமில்லை.
நான்கு பேர் படித்திருந்தார்கள்.
நான் ஐந்தாவது.

காலையில் சொன்னேன்.
அவன் போனைத் திருப்பி என் முகத்துக்கு நேராகப் பிடித்தான்:
"சேகோ ஆலையில் பாயிண்ட் பார்க்கும் அக்கா,
இருபது வருடமாக யாரிடமும் ஏமாறாதவர்,
அவரே சொல்கிறார்: இதில் பணம் மூணு மடங்கு."

என் வாக்கியம்தான்.
போன மாதம் எதையோ பார்த்து, பாதி தூக்கத்தில்
நாத்தனாருக்குத் தள்ளிவிட்டது:
"இதில் பணம் மூணு மடங்கா?"
கை மாறிக் கை மாறி வரும் வழியில்
யாரோ "கா"வைக் "கு" ஆக்கி
கேள்விக்குறியைத் துடைத்திருக்கிறார்கள்.
பன்னிரண்டாவது சாட்சி நான்.

திருத்தி அனுப்பினேன்.
அதை யாரும் கை மாற்றவில்லை.

"சரிக்கா, ஐந்நூறு மட்டும் போட்டுப் பாக்கறேன்" என்றான்.

வெள்ளிக்கிழமை ஓடி வந்தான்.
"வந்துருச்சுக்கா! அறுநூத்திப் பத்து!"
நான் லாரி மேல் ஏறி
கையைத் தோள்வரை உள்ளே விட்டு
அடியிலிருந்து ஒரு கிழங்கை
உருவிக்கொண்டிருந்தேன்.