கமுகமடல் சப்பாத்து

கனடாவில் இருந்து அவருடைய தம்பி அனுப்பிய வீடியோவில்
நாலு பேர் மலை ஏறுகிறார்கள்.
காலில் அகன்ற வலைச் சப்பாத்து.
பனி அவர்களைத் தாங்குகிறது, விழுங்கவில்லை.
முன்னுக்குப் போகிறவன் பாதை மிதிக்க
மற்றவர்கள் அந்தத் தடத்திலேயே கால் வைக்கிறார்கள்.

"நாங்களும் போவம்" என்றாள் ஆரபி.
"பனிக்கு எங்க போறது?"
"சுரி இருக்குத்தானே."

எங்கள் மலைக்கு வரைபடத்தில் பேர் இல்லை.
நூற்றிருபது அடி வரும். அதை
மலை என்று சொல்ல வன்னியில்தான் மனம் வரும்.
இந்தத் தட்டை நிலத்தில்
கறையான் புற்றுக்கே ஒரு மரியாதை உண்டு.
நெடுங்கேணியில் இருந்து உள்ளே, எங்கள் குளத்துக்கு அங்கால்
கவிழ்த்த சட்டி மாதிரிக் கிடக்கும்.
சுற்றிப் போனால் மூன்று கட்டை,
குளத்துக்குள்ளால் அரைக்கட்டை.
ஆடி மாதக் குளம்:
மேலே வெடித்த பொருக்கு, கீழே முழங்கால் மட்டும் சுரி.

கிணற்றடியில் விழுந்த கமுகமடலை
காலளவுக்கு மூன்று மடங்காக வெட்டி
யூரியாப் பை நூலால் செருப்போடு கட்டினார்.
எட்டு மடல்.
கௌரீசனுக்கு மட்டும் இரண்டாம் தரமும் கட்ட வேண்டி வந்தது.
முதல் தரம் தாரா மாதிரி நடந்து காட்டியே
அவிழ்த்துவிட்டான்.

சளக், சளக்.
கொக்குகள் எழும்பவில்லை.
தங்களில் ஒரு புது இனம் என்று நினைத்திருக்கும்.
நடுக்குளத்தில் என் இடது மடல் கழன்றது.
ஒற்றைக் காலில் நான் ஆட, அவர் தோள் கொடுத்தார்.
"நெல்லு மூட்டையை விட ஒரு கிலோ கூட."
அடித்த அடியில் இரண்டு பேருமே விழப் பார்த்தோம்.

அக்கரையில் மடல்களை அவிழ்த்து
ஒரு பாலைக் கிளையில் தொங்கவிட்டோம்.
காய்ந்த யானை லத்தி. கடைசிப் பாலைப்பழங்கள்.
தின்னத் தின்ன உதடு ஒட்டியது.

அதற்கு அங்கால் ஒரு தடி,
சிவப்பு வர்ணம் முக்கால்வாசி உரிந்தது.
கண்ணிவெடி எடுத்து முடித்து, கையெழுத்தும் வைத்து
பன்னிரண்டு வருசம்.
கடுதாசியை நானே பார்த்தேன். நம்புகிறேன்.
நம்பிக்கொண்டே பார்க்கிறேன்:
மாட்டுக் குளம்படியில் அவருடைய கால்,
அவர் எடுத்த இடத்தில் என்னுடைய கால்.
யாரும் யாருக்கும் சொல்லவில்லை.
கால்களுக்குக் கடுதாசி வாசிக்கத் தெரியாது.

பிள்ளைகள் இடப்பக்கம், வலப்பக்கம்,
வண்ணத்துப்பூச்சிக்குப் பின்னால், ஒன்றுக்கும் பின்னால் இல்லாமலும்.
"டேய், தடத்தாலை வா"
வாய் வரைக்கும் வந்தது.
பாலைப்பழப் பிசின், அதுதான் வாய் திறபடவில்லை
என்று வைத்துக்கொள்வோம்.

உச்சி வெறும் பாறை, குந்தினால் சுட்டது.
போனுக்கு இரண்டு கோடு சிக்னல்.
கீழே குளமும் அதில் நாங்கள் வந்த வழியும்.
பிள்ளைகளுடையது கோழி கிளறின மாதிரி.
மற்றது ஒரே ஒரு வரி,
ஒரு ஆள் மட்டும் நடந்து போனது மாதிரி.
படம் எடுத்த ஆரபி பெரிதாக்கிப் பார்த்தாள்.
"அம்மா, இதில நீங்க எங்க?"

அவர் தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திருகினார்.
ஏற்கெனவே இறுகித்தான் இருந்தது.

இறங்கும்போது நான்
அவருக்கு ஒரு முழம் தள்ளி நடந்தேன்.
சருகு சத்தம் போட்டது. சருகு மட்டும்தான்.
பத்தடிக்குப் பிறகு மூச்சு விட ஞாபகம் வந்தது.
அவர் திரும்பிப் பார்த்தார்,
ஒன்றும் சொல்லாமல்
மாட்டுத் தடத்தை விட்டுக் கொஞ்சம் விலகினார்.

பாலைக் கிளையில் ஏழு மடல்தான் இருந்தது.
குரங்கு கொண்டுபோயிருக்கும்.
அது இப்போது எந்த மரத்தில் மலை ஏறுகிறதோ.
என் ஒற்றைக் கால் முழங்கால் வரை சுரியில் போக,
"கெதியா வாங்கோ, பசிக்குது" என்று
அணைக்கட்டில் நின்று கத்தினான் கௌரீசன்.