முன்னால் குடியிருந்தவர்

சாஸ்கடூனில் மைனஸ் முப்பத்து நான்கு.
காரின் ஹீட்டர் வயரைச் செருகிவிட்டு வந்து
வாடகைக்கு வீடு தேடுகிறவன் போல்
சேர்வர் தேடுகிறேன்.

இலவச வீடொன்றில் பதினொரு வருடம் இருந்தவன்தான்.
ஒரு செவ்வாய்க்கிழமை
கடவுச்சொல் சரி என்று சொல்லிவிட்டு
உள்ளே விட மறுத்தது.
வழமைக்கு மாறான நடவடிக்கையாம்.
என் வாழ்க்கையில் அப்படி ஒன்று நடந்திருந்தால்
எனக்கும் சொல்லியிருக்கலாம்.
தட்டுவதற்குக் கதவே இல்லாத வீடு அது என்பது
பூட்டிய பிறகுதான் தெரிந்தது.
விவாகரத்துப் பத்திரம், மகளின் பல் எக்ஸ்ரே,
சாவதற்கு இரண்டு நாள் முன் ஆனந்தசிவம் அனுப்பிய
ஒரு வரிப் பகிடி,
எல்லாம் உள்ளே.

இனி என் பெயரில் ஒரு முகவரி.
மாதம் ஆறு டொலருக்கு மேல் ஒரு சதமும் இல்லை.
வருமான வரி உறையின் பின்புறத்தில் எழுதி
இரண்டு கோடு போட்டேன்.

வீட்டிலேயே வைக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன்,
சப்பாத்துத் தட்டுக்குக் கீழே, பழைய மடிகணினியில்.
நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்கவிட்டு
இணையக் கம்பெனிப் பெண் சொன்னாள்:
கடிதம் வெளியே போகும் வாசலை
வீடுகளுக்கு நாங்கள் திறப்பதில்லை.
வருத்தம் போலவே சொன்னாள்.

டலஸில் இரண்டு டொலர்;
அமெரிக்க டொலர் என்று அடியில் எறும்பெழுத்து.
மொன்றியலில் நாலரை.
மூன்று வருடத்துக்கு முன்பணம் கட்டினால் மூன்றேகால்.
மூன்று வருடத்துக்கு நான் உறுதி சொல்லக்கூடியது
பனியை மட்டும்தான்.
மொன்றியலையே எடுத்தேன்.
பிரதி எடுத்து வைக்கத் தொண்ணூறு சதம் கூட என்றார்கள்.
ஆனை வாங்கியவன் அங்குசத்துக்கு நின்று
அரைமணி நேரம் யோசித்தேன்.

நான்கு எண்கள் தந்தார்கள்,
புள்ளி வைத்துப் பிரித்த ஒரு விலாசம்.
முதல் கடிதம் ஹலிஃபக்ஸில் இருக்கும் நிதுஷாவுக்கு.
இரவு போன் எடுத்தாள்:
"அப்பா, நீங்க குப்பைக்குள்ள கிடந்தீங்க."

எனக்கு முன் அந்த எண்ணில் குடியிருந்தவன்
எடை குறைக்கும் மாத்திரை விற்றிருக்கிறான்,
ஊருக்கெல்லாம், இரவு பகலாக.
கடன்காரன் விட்டுப்போன வீடு.
கறுப்புப் பட்டியல்கள் மூன்றிலும் விண்ணப்பம் போட்டேன்.
காரணம் என்ற பெட்டிக்குள்
ஐந்நூறு எழுத்து எழுத இடமிருந்தது.
நான் அவன் இல்லை என்று எழுதினேன்.
மீதியை வெறுமையாக விட்டேன்.

ஒன்பதாம் நாள் பெயரை எடுத்துவிட்டார்கள்.

அதற்குள் இன்னொன்றைக் கவனித்திருந்தேன்.
ஒவ்வொரு மணியும் பதினேழாவது நிமிடத்தில்
யாரோ வந்து என் சேர்வரைத் தட்டுகிறார்கள்.
யாரோ அல்ல, ஏதோ.
"இரண்டாம் உறைபெட்டி: மைனஸ் 18.5."
அவ்வளவுதான் அதற்குச் சொல்ல இருந்தது.
நானூற்று நான்கு, அப்படி எதுவும் இங்கே இல்லை
என்று என் சேர்வர் பதில் சொல்லும்.
அது கோபித்துக்கொள்ளாது.
அடுத்த மணி திரும்ப வரும்.
மைனஸ் 18.4.

மாத்திரை விற்றவனும்
இறைச்சி வைத்திருப்பவனும் ஒருவனா,
அவனுக்கும் முன்னால் இருந்தவனா, தெரியாது.
தடுத்துவிட ஒரு வரி போதும்.
போடவில்லை.
வேலைக்குப் போகுமுன் பார்ப்பேன்:
எங்கோ ஒரு பெட்டி
குளிராக, ஒழுங்காக இருக்கிறது.

மார்ச் ஆறாம் தேதி, இரவு.
மைனஸ் 11.
மைனஸ் 4.
இரண்டு.

யாருடைய மானிறைச்சி, யாருடைய மீன்,
எந்த ஊரில் மின்சாரம் போன எந்தக் கராஜ்?
உலகத்திலேயே இதை அறிந்தவன் நான் ஒருவன்.
மொன்றியலுக்கு எழுதினேன்:
எனக்கு முன் இருந்தவரின் முகவரி வேண்டும்,
அவசரம்.
தனியுரிமை, என்று பதில் வந்தது,
மரியாதையாக,
கதவில்லாத சுவரிலிருந்து.

அது தட்டுகிற இடத்திலேயே
ஒரு பக்கம் எழுதி வைத்தேன்.
என்றாவது ஒரு மனிதக் கண் அங்கே பட்டால்:
உங்கள் இரண்டாம் உறைபெட்டி உருகுகிறது.
கீழே என் தொலைபேசி எண்.

மூன்று பதினேழுக்கு வந்தது.
ஒன்பது.
நானூற்று நான்குக்குப் பதிலாக முதன்முறையாக
ஆம், இருக்கிறது என்றேன்.
வாசிக்காமல் திரும்பிப் போனது.