எழுநூறு மில்லி

கொவன்றி. சனி காலை. ஏழு பாகை.
இரவெல்லாம் ஆறவிட்ட அஸ்ற்றாவின் கீழ்
பிரிஜ் வந்த அட்டைப்பெட்டியை விரித்துப் படுக்கிறேன்.

அடிக்குழாயின் கவ்வியைத் தளர்த்தினால்
முதல் கோப்பை என் சட்டைக்கைக்குள்தான்.
மீதி பேசினுக்குள்.
றோஸ் நிறம் என்றது கையேடு;
வருவதோ வைத்து மறந்த பிளேன்ரீ.

பக்கத்துவீட்டு மொறீனின் பூனை
மதிலால் இறங்குகிறது.
இது இனிக்குமாம்.
நக்கினால் சிறுநீரகம் போய்விடுமாம்.
பேசினை மூட வேறொன்றும் அகப்படவில்லை,
சுகிர்தனின் புதுப் பிரியாணிச் சட்டியின் மூடிதான்
அச்சொட்டாய்ப் பொருந்துகிறது.
மூன்றுதரம் கழுவுவேன்.
அவருக்குச் சொல்லமாட்டேன்.

வெளியே வந்தது ஐந்தரை லீற்றர்,
பால்போத்தல்களில் அளந்து பார்த்தேன்.
புதியதை ஊற்ற, ஊற்ற,
நாலு லீற்றர் எண்ணூறில்
இனி வேண்டாமென்று வாய்விளிம்பில் நிற்கிறது.

எஞ்சினை ஓடவிட்டு, ஹீற்றரை உச்சத்தில் வைத்து,
மூடியைத் திறந்தபடி குந்தியிருக்கிறேன்.
ஒரு குமிழி.
நெடுநேரம் ஒன்றுமில்லை.
மேற்குழாயை உறையணிந்த கையால்
மெல்ல அமத்தி விடுகிறேன்,
பால் குடித்த பிள்ளையைத் தோளில் போட்டு
முதுகு தட்டுகிறமாதிரி.

ஏவ்.

மட்டம் ஒரு விரற்கடை இறங்குகிறது.
ஊற்றுகிறேன். ஐந்து லீற்றர்.
இன்னும் அரை லீற்றர்க் காற்று
உள்ளே எங்கோ ஒளிந்திருக்கிறது.

பூனை பிரியாணி மூடியின்மேல்
சுருண்டு படுத்துவிட்டது.
மூன்றுதரம் போதாது.