ஐஸ் தண்ணி

காசிமேட்டில் நிற்கும்போது
பதினாறு வயசு டூ நாட் செவனுக்கு அடியில்
எப்போதும் ஈரம்தான்.
நாற்பது பார் ஐஸ், சொட்டாமல் எப்படி?
பின்சக்கரத்தோரம் சொட்டியதையும்
ஐஸ் தண்ணி என்றே நினைத்தேன்.
விரலால் தொட்டிருக்கலாம்.
தண்ணீர் பிசுபிசுக்காது.

ராயபுரம் பாலத்தின் இறக்கம்.
மிதித்தேன்.
கடனைக் கேட்டால் தலையாட்டியே அனுப்புகிறவன் மாதிரி
பெடல் தரைவரை போய்ப் படுத்துக்கொண்டது.
இன்னொரு மிதி. இன்னொன்று.
மூன்றாவது கியர், கத்திக்கொண்டே இரண்டாவது.
ஹேண்ட்பிரேக்
போன தீபாவளியிலிருந்தே அலங்காரம்.
முன்னால் ஷேர் ஆட்டோ.
பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்த சீருடைச் சிறுமி
என்னைப் பார்த்து நாக்கை நீட்டினாள்.

ஒடித்தேன்.
தடுப்புச் சுவரில் உரசி உரசி நின்றது.
ஐஸ் மொத்தமும் ஒரே சத்தமாய்
கேபின் முதுகில் வந்து மோதியது.

ஓனர் வரதராசலு குனிந்து பார்த்தார்.
"வீல் சிலிண்டர் வாஷர்தானே,
புதுப்பேட்டையில பழசு கிடைக்கும்."
கதவின் கீறலுக்குத்தான் முகம் சுளித்தார்.

இப்போதெல்லாம் கிளம்புமுன்
ஒவ்வொரு சொட்டையும் தொட்டு முகர்கிறேன்.
லோடுமேன் தாவீது சிரிக்கிறான்.
சிரிக்கட்டும்.
நேற்று அவன் நீட்டிய டீ
கையில் சிந்தியபோது
அதையும் விரலில் தேய்த்துப் பார்த்தேன்.