மூன்று அங்குலம்

எஸ்டேட் பாதையில் மூன்றாம் வளைவு தாண்டியதும்
ஒரு கல் கிடக்கிறது.
போன வருட மழையில் மேலிருந்து உருண்டு வந்து
பாதி மண்ணுக்குள் உட்கார்ந்துகொண்டது.
பெண்கள் அதற்கு மாமியாக்கல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.
போகையில் ஒரு இடி, வருகையில் ஒரு இடி.
கிரவுன் கூடு வாங்கும் இடியை
பதினான்கு பேரும் முதுகுத்தண்டில் பங்கு போட்டுக்கொள்வோம்.

கடப்பாரை வைத்து நெம்பிப் பார்த்தாயிற்று.
வெடி வைக்க மனு போட்டிருக்கிறது என்றார் எஸ்டேட் ரைட்டர்.
அது சித்திரையில்.
இப்போது ஐப்பசி.
சரி, ஜீப்தான் எழும்பட்டும்.

பூப்பாறையில், ஏலக்காய் ஸ்டோரின் பின்சுவரை ஒட்டி
தங்கச்சன் பட்டறை.
ஞாயிறு குர்பானா முடிந்து வந்து
வெள்ளை வேட்டியை ஆணியில் மாட்டிவிட்டு
கைலியோடு வண்டிக்கடியில் படுத்தார்.
"எத்ர வேணும் சுருளி?"
நாலு அங்குலம் என்றேன்.
அங்கே கிடந்தபடியே சிரித்தார்.
"நாலு வச்சா பிரேக் ஓஸ் எத்தில்லா.
ஷாஃப்ட் ஜாயிண்ட் அலறும்.
கொண்டை ஊசியில நீ மறியும்.
மூணு. மூணு மதி."

ஷாக்கிளை ரெண்டு அங்குலம் நீட்டினால்
வண்டி ஒன்றுதான் ஏறும் என்பதை
அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன்.
மிச்சம் எங்கே போகிறது?
"மற்றே முனை சும்மா நிக்குதல்லோ" என்றார்.

பாக்கி ரெண்டுக்கு
ஒரு பழைய லாரிப் பட்டையை அளவுக்கு அறுத்தோம்.
சென்டர் போல்ட்டில் பதினாறு வருடத் துரு.
பெட்ரோல் ஊற்றி, அடித்து,
ரெண்டு பாஷையிலும் திட்டி,
கடைசியில் அதையும் அறுத்தோம்.
கட்டுப் பிரிந்து பட்டைகள் சரிந்தபோது
எது எப்போது முறிந்து மாற்றியது என்று
எனக்கு வரிசையாகச் சொல்ல வந்தது:
இரண்டாவது, குரங்கணிக்கு ஆள் ஏற்றிய தேர்தல் நாள்.
நாலாவது, உர மூட்டை.
ஐந்தாவது ஏன் என்று வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

யூ போல்ட் இறுக்கும்போது மழை பிடித்தது.
ஜாக்கியை இறக்கினோம்.
வேட்டியை முழங்காலுக்குத் தூக்கிக்கொண்டு
ஓடை தாண்ட நிற்கிற ஆள் மாதிரி
நின்றது ஜீப்.

திங்கள், ஐந்தேகால், போடி.
தூக்குவாளிகளை முதலில் ஏற்றிவிட்டு
பெண்கள் அப்படியே நின்றார்கள்.
வீருசின்னம்மா சேலையைச் செருகி
ஒரு காலை வைத்தாள், எடுத்தாள்.
"யாருக்குடா இது, ஒட்டகத்துக்கா?"
ஒச்சம்மா ஒன்றும் சொல்லவில்லை.
வயிற்றில் ஆபரேஷன் ஆகி அவளுக்கு நாலு மாதம்.
பின்பக்கம் வந்து தரையையும் தகரத்தையும்
கண்ணாலேயே ஒரு தடவை அளந்தாள்.

நானும் அளந்திருந்தேன், டேப் வைத்துப் பத்துத் தடவை,
கல்லுக்கும் கூட்டுக்கும் நடுவில்.

டீக்கடைச் சோடாப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு
ஒவ்வொருவராக ஏற்றினேன்.

போடிமெட்டில் கேரளச் செக்போஸ்ட்.
டயருக்கும் மட்கார்டுக்கும் இடையே இருந்த இருட்டில்
டார்ச் கொஞ்ச நேரம் நின்றது.
"வண்டி பொங்கியோ?"
"மழையில ஊறிப்போச்சு சார்" என்றாள் வீருசின்னம்மா.
அவர் சிரித்துவிட்டார், நல்லவேளை.

மூன்றாம் வளைவு.
பேச்சு நின்றது.
கம்பியைப் பிடிப்பவர்கள் கம்பியை,
இடுப்பைப் பிடிப்பவர்கள் இடுப்பை.
கல் அடியில் வந்தது,
அடியிலேயே போனது.
ஒரு பீடிக்கட்டு நுழையும் இடைவெளி இருந்திருக்கும்.
யாரும் கை தட்டவில்லை.
கொஞ்ச தூரம் போன பிறகு
பின்னாலிருந்து ஒச்சம்மா:
"எறங்குறப்போ அங்க பெட்டி இருக்காதே, சுருளி."

அறுத்தது போக
லாரிப் பட்டையில் ஒன்றரை அடி கிடந்த ஞாபகம்,
தங்கச்சனின் தகரக் கதவுக்குப் பக்கத்தில்,
மழையில்.