இரண்டு போல், ஒரு ஸ்ட்ரைக்

மூன்று நாற்பதுக்கு முதல் துளி
என் பென்சில் கோட்டின் மேல் விழுந்தது.
ஏழாம் இன்னிங்ஸ், கீழ்ப்பாதி.
மூன்றுக்கு மூன்று.
இரண்டாம் பேஸில் வித்துஜா, மட்டையோடு யசிந்தா.
நடுவர் குலேந்திரன் கையை உயர்த்தி
ஆட்டத்தை நிறுத்தினார்,
பிறகு அதே கையை வானத்துக்கும் காட்டிப் பார்த்தார்.

படங்கை இழுக்க எட்டுப் பேர் ஓடினோம்.
முகாமில் தந்த படங்கு.
நீல எழுத்துகள் வெயிலில் கரைந்து
யார் தந்த உதவி என்று இப்போது சொல்லாது.
பந்தெறியும் மேட்டை அதனால் மூடினோம்.
மைதானம் குளமான பிறகும்
அந்த மேடு மட்டும் காய்ந்து கிடந்தது.

அரை மணி பார்க்கச் சொல்லுது விதி.
ஒரு மணி பார்த்தோம்.
கச்சான் விற்கிற மரியநாயகம்
தட்டுக்குக் குடை பிடித்துத் தான் நனைந்தார்.
பிறகு அறிவித்தார்கள்:
ரத்து இல்லை, இடைநிறுத்தம்.
விட்ட இடத்திலிருந்து, விட்ட கணக்கோடு.

நான் எழுதினேன்:
ஒருவர் அவுட். இரண்டு போல், ஒரு ஸ்ட்ரைக்.
வித்துஜா இரண்டில்.
பக்கத்தில் சிறிதாக, மழை.

அன்றிரவு இரணைமடுவின் வான்கதவுகள் திறந்தன.
ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ
முரசுமோட்டைச் சந்தியோடு நின்றுபோனது.
விடிய, பேஸ் மூன்றையும் தூக்கிக்கொண்டு போனார்கள்.
மண் நிரப்பிய யூரியாப் பைகள்தானே,
பன்னங்கண்டிப் பக்கம் அணை கரையுதாம்.
வித்துஜா நின்ற இரண்டாம் பேஸ்
யாரோ ஒருவரின் வயலுக்கு முண்டு கொடுக்கப் போய்விட்டது.

புள்ளிப் புத்தகத்தை மூன்று பொலித்தீனில் சுற்றி
அரிசி வாளிக்குள் வைத்துக்கொண்டு
எட்டு நாள் பள்ளிக்கூடத்தில் படுத்தேன்.
சாப்பாட்டுப் பார்சல் வரிசையில் யசிந்தா.
"அக்கா, என்ர கணக்கு என்ன?"
சொன்னேன்.
அடுத்த நாளும் கேட்டாள். அதற்கடுத்த நாளும்.
மாறியிருக்குமோ என்ற பயத்தில்.

இங்கே நின்றுபோன எதையும்
பூச்சியத்திலிருந்துதான் தொடங்கியிருக்கிறோம்,
வீட்டுக்கு அத்திவாரம், கிணற்றுக்கு இறைப்பு,
அடையாள அட்டைக்கு விண்ணப்பம்.
இந்த ஒரு விளையாட்டுத்தான் சொல்கிறது:
நீ இரண்டில் நின்றாய்.
வா, இரண்டில் நில்.

பெரிய லீக்குகளில் அடுத்த நாளே
மிச்சத்தை முடித்துவிட்டு
கையோடு இன்னோர் ஆட்டமும் வைப்பினமாம்.
எங்களுக்கு இருபத்திநாலு நாள் எடுத்தது.
மாட்டுக் குளம்புகள் பதிந்தபடியே காய்ந்திருந்தன.
எதிரணிப் பந்தெறிகிறவளுக்குப் பெருவிரலில் பிளாஸ்டர்,
வெள்ளத்தில் தகரம் வெட்டினது.
வித்துஜா ஆடைத் தொழிற்சாலையில் சேர்ந்து ஆறு நாள்.
போயா லீவில் வந்தாள், தலைமயிரில் நூல் துகளோடு.

மரியநாயகம் வாசலில்
கஞ்சியாகிக் காய்ந்த ஒன்றை நீட்டினார்.
இலக்கம் தெரியவில்லை.
"மழையில போனது. மழைக்கெண்டுதானே
வைச்சிருக்கச் சொன்னனீங்கள்?"
விட்டோம்.

புதிய பைகள், புதிய மண்.
இரண்டாம் பேஸ் ஒரு சாண் தள்ளிக் கிடக்குது என்று
வித்துஜா சண்டை பிடித்தாள்.
குலேந்திரன் நாடா பிடித்து அளந்தார்.
அவள் சொன்னது சரி.

முதல் பந்து, போல்.
அடுத்தது ஃபவுல், கழிப்பறைக் கூரையில் உருண்டது.
மூன்றாவதை யசிந்தா தரையோடு அடித்தாள்.
ஒரு குளம்புக் குழியில் பட்டுப் பந்து
பிடிக்கப் போனவளை விட்டு விலகியது.
நான் நிமிர்ந்தபோது வித்துஜா மூன்றைத் தாண்டியிருந்தாள்.

நாலுக்கு மூன்று.
ஆட்டம் எடுத்த நேரம் என்ற பெட்டியில்
ஒரு மணி நாற்பத்தொரு நிமிடம் என்று எழுதினேன்.
மழைக்கு நின்ற நேரத்தைக் கழிக்க வேண்டும்.

வித்துஜா ஐந்து மணி பஸ்ஸுக்கு ஓடினாள்.
"மூன்று பந்துதானா?" என்று
மரியநாயகம் கடைசி வரை கேட்டுக்கொண்டிருந்தார்.
கச்சான் இன்னும் சுட்டது.